சிவப்புக் காளானுக்கு இரண்டாவது பெயர்

"போதும்டி, வெளியே வா. நாடாவுக்குள்ள கால் வச்சதே தப்பு."

"வச்சாச்சு. இனி ஒரு கால் என்ன, ரெண்டு கால் என்ன?"

மஞ்சள் தடுப்பு நாடாவுக்கு அந்தப் பக்கம் சியே முராசே ஈர இலைகளின் மேல் குப்புறப் படுத்திருந்தாள். கண்ணோடு ஒட்டிய உருப்பெருக்கிக்குக் கீழே மூன்று விரல் போல ஒரு சிவப்புக் காளான் மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் மகிகோ தோழியின் பையையும் தன் தொலைநோக்கியையும் தோளில் மாட்டிக்கொண்டு, பூங்கா அலுவலகம் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே இப்படித்தான். சியே வேலி தாண்டுவாள், மகிகோ காவல் நிற்பாள். இப்போது ஒருத்தி பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கிறாள், இன்னொருத்தி சாப்பாட்டுப் பெட்டிக் கடை நடத்துகிறாள். அந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை.

பூங்காவைச் சுற்றிப் பார்த்துப் பட்டியல் எழுதும் குழுவில் இருவரும் ஒன்பது வருடமாக இருக்கிறார்கள். பறிக்காதே, தொடாதே, புரட்டிய இலையைத் திருப்பி வை. குழுவின் சட்டம் அவ்வளவுதான். போன சனிக்கிழமை கீச்சான் குருவி முள்ளில் குத்தி வைத்திருந்த வெட்டுக்கிளியை எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, பட்டுப்போன ஓக் மரத்தடியில் சியே இந்தச் சிவப்பைக் கண்டாள். சட்டப்படி இரண்டடி தள்ளி நின்றே பார்த்துவிட்டு, "நெருப்புக்காளான்" என்றாள். தொட்டாலே தோல் வெந்துபோகும் என்று எல்லா அறிவிப்புப் பலகையிலும் போட்டிருக்கும் அதே காளான். குழுவில் காளானுக்குப் பெயர் சொல்பவள் அவள்தான். யாரும் மறுக்கவில்லை. அவள் கையெழுத்திட்ட தாள் அலுவலகத்துக்குப் போனது. திங்கட்கிழமை நாடா வந்தது. அந்தக் காளான் செத்த வேரிலிருந்து முளைப்பது என்பதால், இன்று மரத்தை வேரோடு எடுக்க இயந்திரம் வந்து நிற்கிறது.

உயிருள்ள மரம் இல்லைதான். நான்கு வருடத்துக்கு முன் வண்டு துளைத்துச் செத்தது. குழு கெஞ்சிக் கேட்டதால் இரண்டு ஆள் உயரத்துக்குக் கட்டையை விட்டு வெட்டினார்கள். அதற்கப்புறம்தான் மரங்கொத்தி அதில் ஓட்டை போட்டது, வண்டுப் புழுக்கள் குடியேறின, தட்டுத் தட்டாகக் காளான் ஏறியது. சியேயின் பட்டியலில் அந்த ஒரு கட்டைக்கு மட்டும் நாற்பத்தோரு பெயர்கள்.

வாரம் முழுக்க அவள் அன்று எடுத்த காளான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். நுனி மெலிந்திருந்தது. நெருப்புக்காளான் இப்படி மெலியாது.

"வர்றார்டி!" என்றாள் மகிகோ.

அலுவலகத்து ஹிரூமா நாடாவருகே வந்து நின்றார். ரப்பர் கையுறை முழங்கை வரை இருந்தது. "முராசே-சான், எழுந்திருங்க. அது விஷம்னு எழுதிக் கொடுத்ததே நீங்கதானே?"

சியே எழுந்தாள். மார்பெல்லாம் சேறு. "நான்தான். தப்பா எழுதிட்டேன். இது செவ்வாள்காளான். பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனா யாரையும் ஒண்ணும் செய்யாது."

"போன வாரம் ஒரு பேர், இந்த வாரம் ஒரு பேரா? நாலு மேசை தாண்டி வந்த உத்தரவு இது. குழந்தைங்க விளையாடுற இடம் வேற."

"அப்போ தொடாம சொன்னேன். இப்போ தொட்டுச் சொல்றேன்."

அவள் குனிந்து, வெறுங்கையால் ஒரு காளான் விரலைக் கிள்ளி எடுத்தாள். மகிகோ "ஐயோ, பைத்தியமே!" என்று கத்தினாள். உருப்பெருக்கியில் பார்த்தது வேறு, தோலில் படுவது வேறு. நெருப்புக்காளானாக இருந்தால் கெட்டியாக இருக்கும், உள்ளே வெள்ளையாக இருக்கும். இது ஊறிய சேமியா போலச் சத்தமில்லாமல் முறிந்தது. உள்ளே வெள்ளை இல்லை, வெறும் குழல்.

"பாருங்க."

ஹிரூமா பார்த்தார். ஓரடி பின்னால் போய்ப் பார்த்தார். "ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். பத்து நாள்ல பதில் வரும்."

"அதுவரைக்கும் மரம் நிக்குமா?"

"வேலை இன்னைக்கு."

இயந்திரக்காரர் தூரத்திலிருந்து கையசைத்துக் கேட்டார், ஆரம்பிக்கலாமா என்று.

மகிகோ குரலைத் தாழ்த்தினாள். "விட்டுடுடி. தப்பாச் சொன்னேன்னு ஊருக்கே தெரிஞ்சா, இனி குழுவுல உன் வாயிலிருந்து ஒரு காளான் பேரும் எடுபடாது."

"எடுபட வேண்டாம். நான் தப்பாச் சொன்னதுக்கு இந்த மரம் ஏன் போகணும்?"

சியே பின்னால் நகர்ந்து, கட்டையில் முதுகு ஒட்ட நின்றாள். பட்டைத் தூள் கழுத்துக்குள் விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. மகிகோ பையையும் தொலைநோக்கியையும் கீழே வைத்தாள். ஒரு பெருமூச்சு. பிறகு, திட்டிக்கொண்டே, நாடாவைத் தூக்கி அவளும் உள்ளே வந்தாள்.

"ரெண்டு பேருமா?" என்றார் ஹிரூமா. அவர் குரல் சற்று இறங்கியிருந்தது.

சியே மிச்சமிருந்த இரண்டில் ஒன்றைக் கிள்ளி, சேறு படிந்த உள்ளங்கையில் வைத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"கையுறையைக் கழட்டுங்க, ஹிரூமா-சான். இதை நீங்களே முறிச்சுப் பாருங்க."