கை தட்டாத பாடம்

பாடம் பதிவான அன்று அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். வேதியியல் நடத்தி ஓய்வுபெற்ற வாத்தியார். கேமராவையும் பிடித்து, எடுத்ததை வெட்டி ஒட்டவும் செய்கிற அவருடைய மருமகள். மகளின் வேலையைப் பார்க்க வந்து முக்காலியில் உட்கார்ந்திருந்த சம்பந்தி. சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களில் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தாள் மருமகள். வாத்தியாரின் காலர் நனைந்திருந்தது.

அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். பேச்சில் பிழை வந்தால் அவர் இரண்டு முறை கை தட்ட வேண்டும். கணினித் திரையில் ஓடும் ஒலிக்கோடு அந்த இடத்தில் கம்பம் போல நிமிர்ந்து நிற்கும். அதைப் பார்த்து, முன்னால் இருப்பதை நீக்கிவிடுவாள். அவளுக்கு வேதியியல் தெரியாது, கைதட்டல்தான் கணக்கு.

முதல் பிழைக்கு அவர் தட்டியதும் சம்பந்தி சிரித்தார்.

"என்ன சம்பந்தி, உங்களுக்கு நீங்களே கை தட்டிக்கிறீங்க?"

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் மூன்று தலைமுறையாகக் கரும்பலகை முன் நின்ற குடும்பம் வாத்தியாருடையது. பெண் கொடுத்தவர் முன்னால் இன்னொரு முறை தட்ட அவருக்குக் கை எழவில்லை. அமிலத்தை நீர்க்கச் செய்யும் இடத்தில் வாய் தவறியபோதும், "இன்னொரு தடவை சொல்றேம்மா, தெளிவா இருக்கும்" என்று சொல்லிச் சரியாகச் சொன்னார். நல்லதைத்தானே எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தார்.

பத்து நாள் கழித்து, காலை காபியோடு, முடிந்த பாடத்தை அவளுடைய போனில் பார்த்தார். அவருடைய குரல் நிதானமாகச் சொல்லிற்று: அமிலத்தில் தண்ணீரை ஊற்ற வேண்டும். தலைகீழ். அடர்ந்த அமிலத்தில் தண்ணீர் விழுந்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கைதட்டல் இல்லாததால் முதலில் சொன்னதை வைத்துக்கொண்டு, திரும்பச் சொன்னதை அவள் வெட்டியிருந்தாள்.

"இது எங்கம்மா ஓடுது?"

"மூணாவது தெரு ஸ்கூல்ல மாமா, பத்து மணிக்கு. டீச்சர் லீவாம். வீடியோவப் பாத்துப் பசங்களே செய்யப்போறாங்க."

மணி ஒன்பது ஐம்பது. பள்ளியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. தெருவில் ஒருநாளும் வேகமாக நடந்திராத மனிதர் செருப்பில்லாமல் ஓடினார். சம்பந்தி என்ன சொல்வார் என்றுதான் முதலில் தோன்றிற்று. அப்படித் தோன்றியதே அவரை மேலும் பயமுறுத்தியது. தெருமுனை திரும்புவதற்குள் கண்முன் வெறும் முகங்கள்தான், பதினைந்து வயது முகங்கள்.

பின்னால் ஓடிவந்தவள் மூச்சிரைக்கக் கேட்டாள். "நான்தான் சரியா பாக்காம விட்டுட்டேனா மாமா?"

அவர் பள்ளிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

ஆய்வகத் தாழ்வாரத்தில் அவருடைய குரலே அவருக்கு எதிரே வந்தது. கண்ணுக்குக் கண்ணாடி போட்ட ஒரு சிறுமி அமிலம் இருந்த கண்ணாடிக் குவளையின் மேல், தண்ணீர் நிரம்பிய சோதனைக் குழாயைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்து என்று கத்த வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. கைகள் மட்டும் எழுந்தன. வாசலில் நின்று இரண்டு முறை தட்டினார்.

அத்தனை தலைகளும் திரும்பின. குழாயின் நுனியில் ஒரு துளி, விழாமல், ஆடிக்கொண்டிருந்தது.

மருமகள் வெட்டி ஒட்டியதில்தான் பிழை என்று உறவுக்குள் ஒரு பேச்சு உண்டு. அது பொய். பாடம் பதிவான அன்று, அமிலத்தின் இடத்தில், அவர் கை தட்டவில்லை.