இடது கம்பியில் வெல்லப்பாகு

எதில்சன் சறுக்காமல்தான் தரையிறங்கினான். பாரங்கில்யா நகர அரங்கமே எழுந்து கத்தியது. ஆனால் இணைக் கம்பிகளில் அவன் செய்த ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரு பிழை இருந்தது. நடுவில் ஒரு திருப்பத்தில் இடது கை கம்பியை விடவேயில்லை. கண்சிமிட்டும் நேரம்தான். அதற்குள் கால்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டன. நடுவர்கள் பார்த்திருப்பார்கள்.

இணைக் கம்பிகளில் பிடிமானம்தான் எல்லாம். தலைகீழாக நின்று, ஒற்றைக் கையில் உடலைத் திருப்பி, மறுகையை அடுத்த கம்பிக்கு மாற்ற வேண்டும். கை வழுக்கினால் விழுவான்; ஒட்டிக்கொண்டால் திரும்ப மாட்டான். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்தப் பதத்துக்காக மற்ற நாட்டுக்காரர்கள் தேன் தடவுவார்கள். எதில்சனின் ஊரான கூக்குத்தாவின் பையன்களுக்கு வெல்லப்பாகு. தண்ணீரில் வெல்லத்தைக் காய்ச்சி, போத்தலில் அடைத்து, கம்பியில் தேய்த்து, மேலே மக்னீசியப் பொடி தூவுவார்கள். அங்கே பயிற்சிக்கூடம் தகரக் கூரைக்கடியில் கொதிக்கும். பாகு இளகியே இருக்கும்.

இங்கே குளிர்சாதனம் இருந்தது. அதன் காற்று நேராக இடது கம்பியில் விழுந்தது. பாகு இறுகிவிட்டது. ஊரில் ஒரு நாளும் நடக்காத விஷயம் என்பதால் யாரும் யோசிக்கவில்லை.

அடுத்தது யெசித். அதே கூடம், அதே பயிற்சியாளர், இரண்டு வயது இளையவன். இந்த இறுதிப் போட்டியில் இவர்கள் இருவரில் யார் முன்னால் வருகிறாரோ அவருக்குத்தான் உலகப் போட்டிக்கான ஒரே இடம் என்று சங்கம் சொல்லியிருந்தது. எதில்சனின் மணிக்கட்டு அடுத்த வருடம்வரை தாங்காது. அது அவனுக்கும் தெரியும், யெசித்துக்கும் தெரியும்.

முடித்தவன் அடுத்தவனுக்குக் கம்பி பூச வேண்டும் என்பது அந்தக் கூடத்தின் வழக்கம். வலது கம்பி பயிற்சியாளர் எலியேசருக்கு, இடது கம்பி எதில்சனுக்கு. மேடையோரத்தில் யெசித் கைகளை உதறிக்கொண்டு நின்றான்.

"என்னண்ணே, கால் சாஞ்சுச்சு? கூட்டத்துல ஏதும் பொண்ணு கண்ணடிச்சாளா?"

"உன் ஆத்தாதான் கையாட்டுனாங்க. போடா."

"அவங்களுக்கு உன்னைத்தான் பிடிக்கும். நான் ஜெயிச்சாலும் உன் தட்டுலதான் ரெண்டு ஆயாக்கா கொழுக்கட்டை அதிகமா விழும்."

எதில்சன் போத்தலைத் திறந்தான். எப்போதும் போல இன்னொரு பூச்சு பூசினால் போதும். யாரும் எதுவும் சொல்ல முடியாது. பாகின் மேல் பாகு. யெசித்தின் கையும் அதே இடத்தில் ஒட்டும். அவன் திருப்பம் இவனுடையதைவிட வேகமானது. அவன் சாய மாட்டான், விழுவான்.

கட்டைவிரலால் கம்பியை அழுத்திப் பார்த்தான். கண்ணாடி போல இருந்தது. போத்தலைச் சாய்த்தான். ஒரு சொட்டு விழுந்தது. நிறுத்தினான். மறுபடி சாய்த்தான்.

அப்போது பலகையில் மதிப்பெண் வந்தது. 14.3. பட்டியலில் முதலிடம்.

கூட்டம் கத்த, அவன் போத்தலை மூடி வைத்துவிட்டு ஈரத்துண்டை எடுத்தான்.

"டேய், என்னடா தொடைக்கிற? பூசுடா!" என்றார் எலியேசர்.

"மாஸ்டர், இந்தப் பக்கம் கமர்கட்டு ஆயிடுச்சு."

"என்னது?"

"ஏசிக் காத்து. என் கை அதுலதான் மாட்டுச்சு. உங்க பக்கமும் தண்ணி தெளிச்சுத் தொடைங்க. வெறும் பொடி போதும்."

எலியேசர் தன் பக்கக் கம்பியைத் தடவிப் பார்த்தார். பிறகு தண்ணீர் பீய்ச்சினார். எதில்சன் தோள் நோகத் தேய்த்தான். பழுப்புக் கறை துண்டில் இறங்கியது. பொடி தூவி, உள்ளங்கையால் தட்டிப் பார்த்தான். கம்பிகளுக்கிடையே யெசித் தன் முன்கையை வைத்து அகலத்தை அளந்துவிட்டுத் தலையாட்டினான்.

அவன் தொடங்கியதும் எதில்சனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நடந்தான், நின்றான், கயிற்றுத் தடுப்பைப் பிடித்தான். யெசித்தின் ஒவ்வொரு பிடிக்கும் இவன் விரல்கள் மூடித் திறந்தன. விழட்டும் என்று ஒருமுறை நினைத்தான். திருப்பம் வந்தபோது, 'விடு, கையை விடு' என்று வாய்விட்டே சொன்னான்.

கை விட்டது. உடல் ஈட்டிபோல் நேராகத் திரும்பியது. தரையிறங்குகையில் ஒரு சின்ன அடி மட்டும் பின்னால் போனது. அதற்குப் பத்தில் ஒன்று கழியும். எதில்சன் மனதுக்குள் கணக்குப் போட்டான். யெசித்தைக் கீழே இறக்க அது போதாது.

14.5.

யெசித் ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணே... கம்பி சூப்பரா இருந்துச்சு."

"தெரியும்டா. நான்தானே தொடைச்சேன்."

யெசித்துக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அதற்குள் தொலைக்காட்சிக்காரர்கள் அவனை இழுத்துப் போனார்கள். எதில்சன் பிசுபிசுத்த விரல்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக்கொண்டே, தண்ணீர்க் குழாய் எங்கே என்று தேடிப் போனான்.