திங்களும் வியாழனும்

குடும்பத்தைச் சிங்கப்பூருக்கு அழைத்துவர அந்நாட்டு விதிப்படி எவ்வளவு சம்பளம் வேண்டுமோ, அதைவிடக் கூடுதலாகவே ஒன்றரை வருடமாக வாங்குகிறேன். ஊரிலிருக்கும் மனைவி ஹம்னாவிடம் மட்டும், "இன்னும் எட்டல, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றே சொல்லிவருகிறேன்.

தோ பாயோவில் வாடகைக்கு வீடு பார்க்காமல் இல்லை. வாடகையும் மகளின் பள்ளிக் கட்டணமும் போனால், ஊரில் கட்டும் வீடு பாதியில் நின்றுவிடும். பூன் லேயில் நாலு பேரோடு ஓர் அறையில் படுத்துக்கொண்டால் மாடியே எழுப்பிவிடலாம். வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை, விடுப்பில், லிட்டில் இந்தியாவில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வீடியோ காலில் வந்தாள்.

"பிரியாணியா மச்சான்? நல்லா சாப்பிடுங்க."

அவள் உதடு வறண்டிருந்தது.

"நீ சாப்பிட்டியா?"

"நோன்பு."

"ரமலான்தான் முடிஞ்சிடுச்சே?"

"உங்களுக்குச் சம்பளம் கூடுற வரைக்கும் திங்களும் வியாழனும் நோன்பு வைக்கிறதா நேந்துக்கிட்டேன். ஒரு வருஷமாச்சு. சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவளுக்குப் பின்னால், மாடிக்கு இறக்கிய கம்பிக் கட்டுகள் தெரிந்தன.

மூடிக்கொண்டேன்.

"இப்ப துஆ கேக்குறேன். நீங்களும் ஆமீன் சொல்லுங்க" என்றவள், போனைச் சுவரில் சாய்த்துவிட்டு இரு கைகளையும் ஏந்தினாள்.

"யா அல்லாஹ், இந்த வருஷமாச்சும் அவங்க சம்பளத்தைக் கூட்டிக் குடு."

எச்சில் கையை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டு, அவளுக்குக் கேட்கும்படி சொன்னேன்:

"ஆமீன்."