ரெண்டும் கலந்த களிம்பு

ஒரு குழந்தை விடிய விடியச் சொறியாமல் தூங்குவதற்கு விலை என்ன? டியூப் ஒன்றுக்கு இருபத்திரண்டு ரூபாய். டஜனாக எடுத்தால் பதினெட்டுக்கு இறங்கி வருவார்கள். இரும்புலியூரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த மைதீன் பிச்சை அந்த விலையைக் கண்டுபிடித்த நாளில், பாரிமுனையில் ஒரு மூட்டை வளையலைப் பாதி விலைக்கு அமுக்கியவனைப் போல விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

அவன் மகள் ஃபாயிசாவுக்கு ஒன்றரை வயது. கன்னம், முழங்கை மடிப்பு, முட்டிக்குப் பின்புறம் என்று கரப்பான் படர்ந்து, தோல் வெடித்து நீர் கசியும். பிள்ளையின் கைகளில் சாக்ஸ் மாட்டித்தான் அவன் மனைவி பஷீரா தூங்கவைப்பாள். காலையில் தலையணை உறையில் ரத்தப் புள்ளிகள் இருக்கும்.

2005 ஜூனில் மேற்குத் தாம்பரத்து டாக்டர் ஞானஜோதி அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "கடலை மாவு, வாசனை சோப்பு எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணியில அஞ்சு நிமிஷம் குளிப்பாட்டுங்க. ஈரம் காயறதுக்குள்ள இந்த வெள்ளைக் களிம்பை உடம்பெல்லாம் தாராளமா தடவணும், மூணு வேளை. இந்தச் சின்ன டியூப் மட்டும் அஞ்சே நாள். சிவந்த இடத்துல, மெல்லிசா. முகத்துல கூடாது."

"பூரா சரியாயிடுமா டாக்டர்?"

"வரும், போகும். வளர வளரக் குறையும். பொறுமையா இருங்க."

"பொறுமையா இருன்னு சொல்ல நூத்தம்பது ரூபா ஃபீஸு," என்று படியிறங்கும்போது மைதீன் முணுமுணுத்தான்.

சின்ன டியூப் ஐந்து நாளில் அதிசயம் செய்தது. நிறுத்திய பத்தாம் நாள் கரப்பான் திரும்பி வந்தது. வெள்ளைக் களிம்போ தடவத் தடவக் காலியானதே தவிர, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதையும் செய்யவில்லை. ஓடுகிற சரக்கை உள்ளே வைத்துவிட்டு ஓடாத சரக்கை ஷோகேஸில் அடுக்குகிற மடையன் எந்த ஊரில் உண்டு? சின்ன டியூபை எடுத்துக்கொண்டு, மருந்து மொத்த வியாபாரம் பார்க்கும் வேதாசலத்திடம் போனான்.

"இதுக்கு அப்பன் ஒண்ணு கீது பாய். சும்மா காட்டு காட்டுனு காட்டும்," என்றான் வேதாசலம். டாக்டர் சீட்டு கேட்கவில்லை.

மைதீனின் வாப்பா அத்தர் வியாபாரி. காரமான அத்தரை எண்ணெயில் கலந்து பெருக்கி விற்பது அந்தக் குடும்பத்துக்குக் கைவந்த வேலை. மைதீனும் அதையே செய்தான். மருதாணி குழைக்கும் கிண்ணத்தில் ஒரு டப்பா வெள்ளைக் களிம்பு, அதன் தலையில் ஆறு டியூப் காரமான மருந்து. ஒரே கலவை, ஒரே வேலை.

மெல்லிசாக ஐந்து நாள் தடவ வேண்டிய டியூபைவிடப் பலமடங்கு காரமான மருந்து, இப்படித்தான் முகம் முதல் பாதம் வரை, தாராளமாக, மூன்று வேளையும் ஃபாயிசாவின் உடம்பில் ஏறத் தொடங்கியது.

பதினைந்து நாளில் தோல் பளிங்கானது. நிறம் வெளுத்தது. கன்னம் உப்பியது. கோவளத்திலிருந்து மீன்கூடையோடு வரும் முத்தாலம்மாள் கடை வாசலில் நின்று வாயைப் பிளந்தாள்.

"இன்னா பாய், கொயந்தை நெலாவாட்டம் கீது! இன்னாத்த தடவுற? எம் புள்ளையும் சொறிஞ்சிகினே கெடக்குது, குட்து புண்ணியம் தேடிக்கோ."

புண்ணியத்துக்கு நாற்பது ரூபாய் வாங்கினான். இரண்டு டஜன் பிளாஸ்டிக் டப்பா வாங்கி அடைத்தான். கரப்பானே இல்லாத பிள்ளைகளின் தாய்மாரும், "கலர் வருமாமே பாய்," என்று குசுகுசுத்து வாங்கிப்போனார்கள்.

பெருநாளுக்கு எடுத்த கவுனைப் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்த அன்று பஷீரா ஒரு மாதிரியாக நின்றாள்.

"மச்சான், அகலம் பத்தல. ஆனா நீளத்துக்குப் போன வருசத்துக் கவுனே போதுது. கை காலெல்லாம் குச்சியாட்டம் இருக்கு. தொடையில பாருங்க, வெங்காயத் தோல் மாதிரி, நரம்பு தெரியுது."

"மாஷா அல்லாஹ் சொல்லுடி. நீயே கண்ணு வைக்காத."

நவம்பர் மழையில் ஃபாயிசாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான். ஆனால் பிள்ளை வாந்தியெடுத்து, ஈரத்துணி போலத் துவண்டு, கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. டாக்டர் ஞானஜோதி அம்மா முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், டப்பாவைக் கேட்டு வாங்கினார்.

"குழந்தை குண்டாகல பாய். வீங்கியிருக்கா."

மைதீன் கலந்த விதத்தை ஒன்றுவிடாமல் சொன்னான்.

"இதுல இருக்கற ஸ்டீராய்டு தோல் வழியா உள்ள இறங்கி, உடம்பு தானா சுரக்க வேண்டியதை அடக்கி வெச்சிருக்கு. இப்ப ஒரு காய்ச்சலைத் தாங்கக்கூட அவகிட்ட எதுவும் இல்ல."

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊசி ஏறியது. மூன்றாம் நாள் ஃபாயிசா கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். மைதீன் டம்ளரை அவள் வாயில் வைத்தான். டாக்டர் அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"வேற யாருக்காவது கொடுத்தீங்களா?"

"வித்தேன்," என்றான்.

"தூக்கிப் போடுங்கன்னு ஆள் விட்டுச் சொல்லிடாதீங்க. திடீர்னு நிறுத்தினாலும் இதே நிலைமை வரும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறக்கணும். ஒவ்வொரு குழந்தையும் என்கிட்ட வரணும்."

ஊக்குக்கும் கணக்கு எழுதுகிறவன் இந்தச் சரக்குக்கு ஒரு வரி எழுதவில்லை. சீட்டில்லாமல் வாங்கியது, பில்லில்லாமல் விற்றது. கடைக்கு ஓடி, மீதி டப்பாக்களை எண்ணி, போனது எத்தனை என்று கழித்துப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு முகமாக நினைவிலிருந்து பிடுங்கினான்.

முதலில் கோவளத்துக் குப்பம். முத்தாலம்மாள் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"டப்பாவா? அத்த அப்பவே வீசிட்டேன் பாய், மூணு நாளாச்சு. சொறிதான் போய்டுச்சே. இப்ப கொயந்தை ஒரே தூக்கம். பாலுக்குக் கூட எந்திரிக்கல. சமத்து!"

மைதீன் செருப்போடு உள்ளே போனான். பாயில் கிடந்த பிள்ளையைத் தூக்கினான். கழுத்து அவன் கைமேல் சாய்ந்தது.

"யோவ், இன்னாய்யா பண்ற? எங்க தூக்கினு போற?"

"கேள்வி கேக்காதம்மா, ஏறு."

தாம்பரத்துக்கு ஆட்டோக்காரன் நானூறு என்றான். மைதீன் முந்நூற்றைம்பது என்று சொல்லவில்லை. வழியெல்லாம் பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு வந்தான். மழை நிற்கவே இல்லை.

ஒரு வாரம் கடை திறக்கவில்லை. குரோம்பேட்டை, பெருங்களத்தூர் என்று கதவு கதவாகத் தட்டினான். சில வீட்டில் திட்டினார்கள். ஒரு வீட்டில் சட்டையைப் பிடித்தார்கள். பீர்க்கன்கரணையில் ஏரித் தண்ணீர் புகுந்த தெருவில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. குடித்தனம் எங்கே போனது என்று பக்கத்து வீட்டுக்கும் தெரியவில்லை.

எட்டாம் நாள் கணக்கு நோட்டை எடுத்து, தேதி போட்டு எழுதினான்.

விற்றது பதிமூன்று. டாக்டர் பார்த்தது பதினொன்று. அதில் ஆஸ்பத்திரியில் படுத்தது மூன்று, முத்தாலம்மாளின் பிள்ளையையும் சேர்த்து, மூன்றும் பிழைத்தது. பூட்டின வீடு ஒன்று. பேர் தெரியாத பெண் ஒன்று: பஸ்ஸுக்கு அவசரம், பச்சைப் புடவை, இடுப்பில் ஆறு மாதக் குழந்தை, சில்லறை இல்லையென்று இரண்டு ரூபாய் குறைத்துக் கொடுத்தது.

பாக்கி, இரண்டு பிள்ளை.