பெப்பே வெளிக்கிருக்காத நான்கு நாள்

1

இந்தக் கதை ஒரு பீயின் படத்திலிருந்து தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மனிதருடையது அல்ல, வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்க்கும், கழுத்தடியில் முள்தாடி உள்ள தாடி ஓணான் ஒன்றினுடையது. ஒரு பாதி மண்ணிறம், மறுபாதி சுண்ணாம்பு வெள்ளை.

கௌரவமான தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன். ‘பலேர்மோ துறைமுகத்தில் கப்பல் ஊதியபோது…’ (அடித்துவிட்டேன். இந்த ஓணான் கப்பலையே கண்டதில்லை.) ‘தாடி ஓணான் ஏன் நிறம் மாறுகிறது என்றால்…’ (எனக்கே அரைகுறையாகத்தான் தெரியும்.*)

* குளிர்ந்தால் உடம்பு கறுக்கும், சூட்டை இழுக்க. சூடு போதுமென்றால் வெளிறும். பயமோ நோவோ வந்தால் தாடி கறுக்குமாம். எதையும் மறைக்கத் தெரியாத பிராணி. எனக்கு அதை உடனே பிடித்துவிட்டது.

2

மலரக்கா, முழுப்பெயர் அற்புதமலர், இத்தாலியின் பலேர்மோவில், வியா மக்வேதா வீதிக்குப் பின்தெருவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது எசமானியம்மாவின், வீட்டில் வேலை செய்கிறார். அதே கட்டடத்தின் மேல்மாடியில் நான் தரை துடைக்கிறேன். சிஞ்ஞோரா நாப்போலி நகருக்குப் போகுமுன் தன் ஓணான் பெப்பேயை அக்காவிடம் ஒப்படைத்து, தினமும் அவன் வெளிக்கிருந்ததைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். முதல் நாள் படம் போனது. பிறகு பெட்டி சுத்தமாகவே கிடந்தது.

“தம்பி, இவன் காலமை பத்து மணிக்கெண்டால் அந்தக் கல்லுக்குப் பின்னாலை வெளிக்கிருக்கிறவன். இப்ப அசையிறானுமில்லை. தாடி கரிக்கட்டை மாதிரிக் கிடக்கு.”

“முதல் படத்தையே வேறை பக்கத்தாலை வெட்டி அனுப்புங்கோ அக்கா,” என்றேன். கதை எழுதுகிறவனின் புத்தி.

மூன்று நாள், மூன்று படம், ஒரே பீ. சிஞ்ஞோரா மூன்றுக்கும் இதயம் போட்டார்.

3

இந்த இடத்தில் மலரக்காவைச் சோம்பேறியாக்கிவிடலாமா என்று யோசித்தேன். கதைக்கு வசதி. ஆனால் அநியாயம். அவன் வெளிக்கிருக்காத நான்காம் நாள் நானே இறங்கிப் போய்ப் பார்த்தேன். பெப்பேயின் பெட்டி இருண்டு கிடந்தது.

“இதுக்குள்ளை லைற் எரியிறேல்லையோ அக்கா?”

“பகலிலை ஆருக்கு லைற்? சிஞ்ஞோரா போனதிலையிருந்து, காலமை தானா எரியிறதை ஒவ்வொரு நாளும் வந்தவுடனை நூத்துவிடுறன்.”

பதினாறு வருடம், ஆறு சிஞ்ஞோராக்கள். கரண்ட் பில்லுக்காக எல்லோரிடமும் பேச்சு வாங்கி வாங்கி, வீட்டுக்குள் கால் வைத்ததும் எரிகிற விளக்கை நூர்ப்பது அக்காவின் கைக்குப் பழகிவிட்டது. அந்த விளக்குத்தான் பெப்பேயின் வெயில். அது இல்லாமல் ஓணானுக்குத் தின்றது செமிக்காது. இதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

விளக்கைப் போட்டோம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் அவனை இருத்தினோம். வயிறு கல்லாக இருந்தது.

4

முடிவு அ: தண்ணீரிலேயே வெளிக்கிருந்துவிடுகிறான், தாடியின் கறுப்பு நீங்கி மஞ்சளாகிறது. (ஆசையாய் எழுதினேன். நடக்கவில்லை.)

முடிவு ஆ: மிருக வைத்தியரிடம் கொண்டு… (பாதியில் நிற்கிறது. எந்த வைத்தியர் என்று சிஞ்ஞோராவிடம் கேட்க வேண்டும். கேட்டால் படங்களின் குட்டு உடையும். அடுத்த மாதம் பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்கும் அனுமதியை, புதுப்பிக்க அக்காவுக்கு இந்த வேலை வேண்டும்.)

முடிவு இ: இன்னொரு படம் அனுப்புகிறோம்.

மூன்றாவதை நான் வாய்விட்டே சொன்னேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

“காணும் தம்பி உன்ரை கதை,” என்றார் அக்கா. “இவன் செத்தால் பிறகு எந்தப் படத்தை அனுப்புவாய்?”

ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். தனக்குத் தெரிந்த இத்தாலியனில் சிஞ்ஞோராவுக்குக் குரல் பதிந்து அனுப்பினார்: விளக்கை நூர்த்தது நான், படங்கள் பொய், தாடி கறுப்பு, வைத்தியரின் நம்பர் அனுப்புங்கள். என் பெயரை அவர் சொல்லவே இல்லை.

5

சிஞ்ஞோரா கேட்டுவிட்டார், நீல அடையாளம் விழுந்துவிட்டது. எழுதுகிறார், நிறுத்துகிறார், மறுபடி எழுதுகிறார். அக்கா போனைப் பார்க்கவில்லை. விளக்கடியில் கிடக்கும் பெப்பேயின் முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

இதற்கு முடிவு எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நீங்கள் எழுதுங்கள். நல்லதாக எழுதுங்கள் என்று கெஞ்சவும் மாட்டேன். ஆனால் அக்காவை வேலையால் நிறுத்துவதாக எழுதுவீர்களானால், அந்தப் படங்களை அனுப்பச் சொன்னவன் நான் என்று சிஞ்ஞோராவுக்கு ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பக்கத்திலேயே நின்றும் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.