மூன்றாம் குறுக்குத் தெருவுக்குக் குழாய்

தருமபுரம் மூன்றாம் குறுக்குத் தெருவில் குஞ்சம்மாளின் உறைக்கிணறு மண்ணுக்குள் போனதற்குக் காரணம் லூர்துநாதன். அவர் கையில் இருந்தது ஒரு சாக்பீஸ் மட்டும்தான் என்பதை மட்டும் அவர் சார்பில் சொல்லிவிடலாம்.

எழுபத்தேழு புயலுக்கு மறுவருஷம் அது. லூர்துநாதன் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார். அந்தோணிமுத்துவின் சைக்கிள் கடை வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டி, தெருச் செய்திகளை எழுதுவது அவராகவே தனக்குக் கொடுத்துக்கொண்ட உத்தியோகம். மண்ணெண்ணெய் என்றைக்கு ஊற்றுகிறார்கள், காலரா ஊசி எங்கே போடுகிறார்கள், யார் வீட்டு ஆடு யார் தோட்டத்தில் மேய்ந்தது, எல்லாம் அதில் வரும். நல்ல செய்திக்கென்று ஒரு பச்சை சாக்பீஸ் வைத்திருந்தார். அது தேயவே இல்லை.

கார்த்திகையில் ஒருநாள் முனிசிபல் ஆட்கள் தெருமுனையில் முளை அடித்து, சிவப்புப் பெயிண்ட் பூசிவிட்டுப் போனார்கள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இரண்டாம் தெருவுக்குக் குழாய் வந்தபோதும் இப்படித்தான் முளை அடித்தார்கள், அப்புறம் கேட்பானேன்? "நம் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய்! பொங்கலுக்குள்!" என்று பச்சையில் எழுதி, சொட்டுகிற குழாய் ஒன்றையும் வரைந்தார். சொட்டு தத்ரூபமாக வந்திருந்தது. 'பொங்கலுக்குள்' என்பது அவருடைய சொந்தச் சரக்கு.

குஞ்சம்மாள் மண்டபத்தூரிலிருந்து வந்து குடியேறியவள், மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். தை பிறந்ததும் மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். ஒற்றை அறை வீடு. பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கலாமென்றால் கிணறு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதுதான் குழாய் வருகிறதே என்று இரண்டு வண்டி மண்ணைக் கொட்டிக் கிணற்றை மூடினாள். சாய்ப்புக்குக் கால் நடுவதற்குள் முனிசிபல் வண்டி வந்தது. முளை இருந்த இடத்தில் ஒரு விளக்குக் கம்பத்தை நட்டுவிட்டுப் போனது.

அன்று பொழுது சாய்ந்து விளக்கு எரிந்தபோது, தெருவே வாத்தியாரை முறைப்பது நன்றாகத் தெரிந்தது.

"குடத்த எடுத்துட்டுப் போயி வெளிச்சம் புடிச்சிட்டு வரட்டுங்களா?" என்றாள் அவர் மனைவி சலோமி.

லூர்துநாதன் முனிசிபல் ஆபீசுக்கு ஓடினார். "குழாயா? பாப்போம் சார்" என்றார் கிளார்க். அடுத்த தடவை, "பைலு பாண்டிச்சேரி ஹெட்டாபீசுக்குப் போயிருக்கு." அதற்கும் அடுத்த தடவை, "போன பைலு வரணுமில்ல?"

பிறகு சைக்கிளில் இரண்டு குடங்களைக் கட்டிக்கொண்டு இரண்டாம் தெருக் குழாயடிக்குப் போனார். "என்ன வாத்தியாரே, ஒங்க குழா படத்துல நல்லா சொட்டுனுச்சே!" என்று அங்கே ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்; சிரிக்காவிட்டால் வரிசையில் இடம் கிடைக்காது.

குடத்தைக் குஞ்சம்மாள் வாசலில் இறக்கிவிட்டுக் கேட்டார். "அக்கா, எம்மேல கோவமா?"

"வெயிலா இருக்கே, மோரு குடிக்கிறீங்களா?"

மறுநாளும் கேட்டார். "திருநள்ளாத்துல சனிக்கெழம செம கூட்டமாம்" என்றாள்.

திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். மோரைக் குடித்துவிட்டுப் புரண்டு புரண்டு படுத்தார். கடைசியில் பலகையைத் துடைத்து, வெள்ளை சாக்பீஸில், "குழாய்ச் செய்தி தவறு. விசாரிக்காமல் எழுதியவன் நான். குஞ்சம்மாள் அக்கா மன்னிக்கவும்" என்று எழுதினார். கீழே படம் எதுவும் போடவில்லை.

அடுத்த நாள் அவர் தண்ணீரோடு போனபோது அவள் கெளுத்தி கழுவிக்கொண்டிருந்தாள்.

"பலகைய பாத்தீங்களாக்கா?"

"நான் எந்தக் காலத்துல எழுத்து படிச்சேன்? சைக்கிள் கடைக்காரருதான் படிச்சுச் சொன்னாரு. எழுத்து முத்து முத்தா இருக்காம்."

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "ஒரே ஒரு தடவ நேரா சொல்லிடுங்கக்கா. கோவமா, இல்லியா?"

குஞ்சம்மாள் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"கோவந்தான். வயிறு எரியுது. புள்ள பெத்த ஒடம்புக்கு ஊத்த ரெண்டு கொடம் காணுமா? தெனம் தண்ணி தூக்கியாந்துட்டா என் கெணறு வந்துருமா? கொட்டுன மண்ணு எங்கியும் போயிடல வாத்தியாரே, உள்ளதான் கெடக்கு. நாளைக்கு ஞாயித்துக்கெழம. கோயிலுக்குப் போயிட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வாங்க. அந்தோணிமுத்தையும் இழுத்துட்டு வாங்க. தண்ணி கண்ணுல படுற வரைக்கும் எனக்குக் கோவந்தான்."