நிஸ்மியாவுக்கு எழும்பும் பச்சைக் கோடு

நிஸ்மியா வாய் திறந்தால் போதும், திரையில் பச்சைக் கோடு எழும்பிவிடும். "இப்ப மடக்குங்க அண்ணன்" என்பாள். உடனே என் புருசனின் மூளை அவளுக்குக் கைகட்டி நிற்கும். ஒரு மாதமாக இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

அந்தக் கோட்டை வரைவது நான் எழுதிய மென்பொருள். வெளிநாட்டுக் கம்பனியொன்றுக்காக நாவற்குடா வீட்டிலிருந்தே எழுதுகிறேன். தலையில் மாட்டும் தொப்பியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி மண்டைக்குள் போய்த் திரும்பும். மூளையின் எந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறதென்று சொல்லும். கையை அசைக்க நினைத்தால் கோடு ஏறும். அதைப் பார்க்கப் பார்க்க மூளை பழகும். பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துபோன என் புருசன் டிலக்சனுக்காகவே ஒரு சோதனைத் தொப்பியைக் கெஞ்சி வாங்கினேன். அவர் வெல்டிங் வேலை செய்தவர். ஆறு மாதத்துக்குள் விரல் அசையாவிட்டால் கஷ்டம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நாலு மாதம் போய்விட்டது.

நிஸ்மியா காத்தான்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வரும் பிசியோதெரபி பெண். லப்டொப்பின் முன்னால் அவள் இருப்பாள். தொப்பியைச் சரிசெய்து, முடியை விலக்கி, டிலக்சனின் மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மேசையில் விரித்த துவாயில் வைப்பது நான். எடுபிடி வேலை எனக்கு, கோடு அவளுக்கு.

அவள் பிந்தினால் வாசலையே பார்ப்பார். "நிஸ்மியா வரல்லயா?" கல்யாணம் முடித்துப் பதினொரு வருசத்தில் என்னை ஒருநாளாவது இப்படித் தேடியிருப்பாரா?

ஒருநாள் அவள் தேங்காய்ப்பால் விட்டு அவித்த இனிப்பான வட்டிலப்பம் கொண்டுவந்தாள். நான் சமைப்பதைப் பாதியில் வைக்கிற மனுசன் கிண்ணத்தை வழித்தார். அன்றே அவளுக்குச் செய்தி அனுப்பினேன்: இனி வரத் தேவையில்லை, நானே பார்த்துக்கொள்வேன். உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்குச் சோறு ருசித்தது.

அடுத்த நாள் அவசரமாகத் தொப்பியை மாட்டிவிட்டு, லப்டொப்பின் முன்னால் நானே போய் உட்கார்ந்தேன். "இப்ப மடக்குங்க." கோடு அசையவில்லை. நாலு நாளும் அசையவில்லை. ஐந்தாம் நாள் அவர், "நிஸ்மியா எங்க?" என்றார்.

"அவட குரலுக்குத்தானே ஒங்கட ரெத்தம் துள்ளுது! கட்டின பொஞ்சாதிக்குத் துள்ளாதே! காட்டுறன், பாருங்க."

நிஸ்மியா வந்த நாளொன்றின் பதிவைத் திறந்தேன். கமராப் படமும் கோடும் அருகருகே ஓடின. அவள் பேசுகிறாள், அதே கணத்தில் கோடு ஏறுகிறது. வெற்றியோடு நிறுத்தினேன். பிறகுதான் எனக்கு உறைத்தது.

நினைப்பு உடனே வரும், ரத்தம் பிந்தித்தான் வரும். ஐந்து ஆறு செக்கன் எடுக்கும். அவள் பேசிய கணத்திலேயே ஏறும் கோடு அவள் பேச்சுக்கு ஏறியதாக இருக்கவே முடியாது. இதைக் கைநூலில் எழுதியவளே நான். எத்தனை பேருக்கு வகுப்பெடுத்திருப்பேன்! பொறாமை என் கண்ணை மறைத்துவிட்டது.

படத்தை ஆறு செக்கன் பின்னுக்குத் தள்ளினேன். நிஸ்மியா வாயே திறக்கவில்லை. நான் அவருடைய விரல்களை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். வேறு பதிவுகளைப் பார்த்தேன், அவற்றிலும் அதேதான். இந்த நாலு நாளும் லப்டொப்புக்கு ஓடும் அவசரத்தில் அந்தக் கையை நான் தொடவேயில்லை.

"அப்ப ஏன் அவளத் தேடினீங்க?"

அவருக்குப் பேச்சு கோணித்தான் வரும். "அவ வந்தாத்தான்... நீ இந்தக் கொம்பியூட்டர உட்டுட்டு... எனக்குப் பக்கத்தில இரிப்பாய்."

அழுதேன். வீணாக்கிய நாட்களை எண்ணி இன்னும் அழுதேன். பிறகு அவர் முன்னாலேயே நிஸ்மியாவுக்குப் போனில் கோல் எடுத்தேன்.

"நான் என்ன பிழ உட்டன் அக்கா? ஒண்டும் சொல்லாம நிப்பாட்டிட்டீங்க" என்றாள். அவள் கோபம் நியாயமானது.

இரண்டு மூன்று பொய்கள் நாக்கில் தயாராக இருந்தன. டிலக்சன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒரு பிழையும் உடல்ல தங்கச்சி. எனக்குப் பொறாம. நாளைக்கு வாங்க, லப்டொப்ப நீங்க பாருங்க."